சலேம்பி முனைக்கு ஒரு வாழ்த்துப் பதாகை

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
2 மார்ச் 2025

என் மருமகள் ஆரபிக்கு,

ஹொல்ம்லியாவின் ஏழாம் மாடியைக் கட்டி ஆளும் உன் தாய்மாமன் சிவானந்தன், ஒரு முழங்கால் நீங்கலாகப் பூரண சுகத்துடன் எழுதிக்கொள்வது.

நீ போனபிறகு இங்கே பனி கொட்டிய கொட்டில் ஹவுகெட்டோ ரெயில் நிலையத்தையே இரண்டு நாள் காணவில்லை. சாரதி மோப்பம் பிடித்துத்தான் நிறுத்தினாராம். நான் மட்டும் என் பஸ்ஸை ஒரு நிமிடம் பிந்தாமல் ஓட்டினேன். வழியில் ஒரு எல்க் மான் கையைக் காட்டி மறித்தது. பயணச்சீட்டு இல்லை என்றது, ஏற்றவில்லை.

உன் அம்மா, என் அருமை அக்கா உதயகுமாரி, தினமும் தொலைபேசியில் அழுகிறா. “நோர்வேயிலை பிறந்து, அணுவைப் படிச்சுப்போட்டு, கடைசியிலை கரண்ட் இல்லாத நாட்டுக்கே போகவேணும்?” “கரண்ட் இருக்கிற நாட்டுக்கு அவள் எதுக்கு அக்கா?” என்றேன். அழுகை ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் பலமாகத் தொடங்கியது.

எங்கள் தமிழ் மன்றத்தில் குகநேசன் கேட்கிறான்: “உங்கடை மருமகள் ஆபிரிக்காவிலை என்ன செய்யிறா, பல்பு மாத்துறாவோ?” போன வருடம் தன் மகன் ஜெனிஸ்ரன் பல் வைத்தியன் ஆனதற்கு மண்டபம் முழுக்க வாழ்த்துப் பதாகை கட்டிய மனிதன் அவன். அந்தப் படத்தில் பெடியனின் முன்பல் ஒன்றே என் தலையளவு இருந்தது. அவன் வாயை அடைக்க எனக்குத் தகவல் வேண்டும். நீ அங்கே செய்வதை விபரமாக எழுது. வட்சப்பில் வேண்டாம், அதில் உன் அம்மாவும் சிறிதேவி மாமியும் நடுவில் புகுந்து கத்தரிக்காய் விலை கதைப்பார்கள். மின்னஞ்சலில், நீளமாக, தமிழில் எழுது.

உன் மாமா, மாமன்னன்
சிவானந்தன்


16 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

தமிழில் தட்டச்சு செய்வது எனக்கு ஆமை வேகம். அதனால்தான் பிந்திவிட்டது.

நான் அணு உலை கட்டுவதில்லை. கட்டுகிறவர்களிடம் கேள்வி கேட்கிற அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த நாடு முதல்தடவையாக ஒரு அணுமின் நிலையம் கட்டப்போகிறது. இடத்தின் பெயர் சலேம்பி முனை, கடற்கரை. ஒரு வெளிநாட்டு நிறுவனம் கட்டும். அந்த இடம் உலைக்கு ஏற்றதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் ஒழுங்குமுறை ஆணையம். உங்கள் பஸ்ஸின் பிரேக்கை நீங்களே பார்த்து, “நல்ல பிரேக்” என்று நீங்களே கையெழுத்து வைக்க முடியாதுதானே? அதுபோலத்தான்.

ஆனால் இங்கே ஒரு கோளாறு. உலை வேண்டும் என்று ஓடித்திரிகிற மின்சக்தி அமைச்சர்தான் எங்கள் ஆணையத்துக்கும் அமைச்சர். பஸ்காரனும் பிரேக் பார்க்கிறவனும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

மின்சாரம் ஒரு நாளில் பாதி நேரம் இல்லை. போன கிழமை நகரத்து ஆஸ்பத்திரியில் ஜெனரேற்றருக்கு டீசல் முடிந்து, தாதிமார் குறைமாதக் குழந்தைகளைத் தங்கள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற எஸ்தரின் தங்கை அங்கே தாதி. எஸ்தர் இந்த நாட்டுக்காரி, நிலவியல் படித்தவள். அவள் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்: “உங்கடை நாட்டிலை மலையிலையிருந்து தண்ணி விழுது, கரண்ட் வருது. எங்களுக்கு மேலையிருந்து ஒண்டும் விழாது. அமைச்சரைவிட எனக்குத்தான் இந்த உலை கூட வேணும். ஆனா ஒழுங்கா வேணும்.”

இடத்தைப் பற்றிய மதிப்பாய்வில் இரண்டு பேர் கையெழுத்து வைக்கவேண்டும்: எஸ்தர், நான். அது இல்லாமல் உரிமம் இல்லை. ஜூன் மாதம் ஆணையத்தின் வாரியத்துக்கு முன்னால் முடிவைச் சொல்லுவோம். அதுவரைக்கும் வெளியே ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

குகநேசன் மாமாவிடம் சொல்லுங்கோ, பல்பும் மாற்றத் தெரியும் என்று.

ஆரபி


ஹொல்ம்லியா
11 மே 2025

அகில ஆபிரிக்காவின் ஒளிவிளக்கே,

மகிழ்ச்சிக் கடலில் நீந்தி, கரையேறி, தலை துவட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று மன்றத்தின் வசந்த விழா. மண்டபத்தில் உனக்கு ஒரு பதாகை கட்டினேன். குகநேசனின் பதாகை அதற்கு முன்னால் கைக்குட்டை. நீளம் போதாமல் ஒரு முனையை யன்னலுக்கு வெளியே மடித்து விட்டோம். அந்த முனையைப் பார்க்க சுவீடன் எல்லையிலிருந்து ஆட்கள் வந்ததாகக் கேள்வி. நடுவில் உன் படம், பட்டமளிப்பு உடையில். ஒரு பக்கம் உங்கள் ஆணையத்தின் இலச்சினை. இணையத்திலிருந்து எடுத்தேன், நல்ல இலச்சினை, கழுகு கம்பீரமாக இருக்கிறது. கீழே பொன் எழுத்தில்:

“ஆபிரிக்காவுக்கு அணு ஈந்த அன்னை! சலேம்பி முனை அணுமின் நிலையத்துக்கு அனுமதி வழங்கிய எங்கள் செல்வி ஆரபி இந்திரகுமாரை வாழ்த்துகிறோம்!”

உன் பெயரும் இடத்தின் பெயரும் ஆங்கில எழுத்திலும் இருக்கின்றன, நோர்வேக்காரருக்கும் விளங்கவேண்டுமே.

நீ இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விழா மே மாதத்தில் வருகிறது, உன் கையெழுத்து ஜூனில் வருகிறது. நான் என்ன, விழாவைத் தள்ளிப்போடவா? நம் பிள்ளைகள் சோதனை எழுதப் போகும்போதே சித்தியடைந்ததுக்குக் கேக் வெட்டுகிற ஆட்கள் நாங்கள். ஒரு மாதம் முந்தி வாழ்த்தினால் வாழ்த்துப் பழுதாகிவிடுமா?

உன் அம்மா பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்தா. நீ போனபிறகு அவ சிரித்ததை நேற்றுத்தான் கண்டேன். குகநேசன் வந்து, “வடிவாய்த்தான் இருக்கு, ஆனா எழுத்து கொஞ்சம் பெரிசு” என்றான். அந்தக் குரலில் இருந்த எரிவை வைத்து ஒஸ்லோவுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வீடு சூடாக்கலாம்.

படங்கள் மன்றத்தின் இணையத்தளத்திலும் முகநூலிலும் ஏறிவிட்டன. மாமி மட்டும் வழக்கம்போல: “இந்தாளின்ரை வாயை மூடினா காதாலை புகை வரும்.”

பெருமையில் ஓரடி வளர்ந்துவிட்ட
உன் மாமா


20 மே 2025

மாமா,

அந்தப் பதாகையை இன்றைக்கே எல்லா இடத்திலிருந்தும் எடுங்கோ.

நேற்று என்னை எங்கள் ஆணைய இயக்குநரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். உலை கட்டும் நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். கணினியில் மொழிபெயர்த்தும் இருந்தார். “அணுவைத் தந்த தாய்” என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். “இந்தத் தாய் நீங்களா?” என்று இயக்குநர் என்னைக் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. போதாததுக்கு எங்கள் ஆணையத்தின் கழுகும் படத்தின் மூலையில் இருக்கிறது.

ஆய்வு முடியமுதலே முடிவெடுத்து, ஊருக்கும் சொல்லிவிட்டேன் என்று குற்றச்சாட்டு. “நீ அனுமதி கொடுத்ததாகத்தானே போட்டேன், அவனுக்கு அது நல்லதுதானே” என்று கேட்பீர்கள். இல்லை மாமா. நான் அனுமதி கொடுக்கமாட்டேன் என்று அவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். என்னை வெளியே தள்ள ஒரு சாட்டு தேடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அதைப் பொன் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி எழுதப்போவதை நான் எழுதவே கூடாது. ஆனால் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்து நெஞ்சு கனக்கிறது. இங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

சலேம்பி முனையில் நிலத்தை ஆழமாக வெட்டிப் பார்த்தோம். மண் அடுக்கடுக்காக இருந்தது, அடுக்குக் கேக் மாதிரி. ஒரு இடத்தில் எல்லா அடுக்கும் முறிந்து, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. எஸ்தர் குழிக்குள் இறங்கி அந்த முறிவை மேலிருந்து கீழ்வரை கையால் தடவிப் பார்த்தாள். பூமியின் கணக்கில் நேற்று நடந்த அசைவு அது, திரும்பவும் அசையலாம். உலைக் கட்டடம் சரியாக அதற்கு மேலேதான் வருகிறது.

நாங்கள் “இங்கே வேண்டாம்” என்று எழுதுகிறோம். தெற்கே தள்ளிப்போனால் நல்ல பாறை இருக்கிறது, அங்கே கட்டலாம். ஆனால் இரண்டு மூன்று வருடம் பிந்தும், தேர்தலுக்கு முதல் அடிக்கல் நாட்ட முடியாது. இந்த ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு அமைச்சருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இதுதான் முதல் இல்லை. இதைச் சொல்லிப் பழகாவிட்டால் உலை ஓடத் தொடங்கிய பிறகும் சொல்லமாட்டார்கள்.

பதாகை என் குடும்பத்தின் பகிடி, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இயக்குநர் நல்ல மனிதர். விட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்.

பதாகையைக் கழற்றுங்கோ. வேறு ஒன்றும் செய்யாதீங்கோ. ஒன்றுமே செய்யாதீங்கோ.

ஆரபி


ஹொல்ம்லியா
27 மே 2025

ஆரபிக் கண்ணே,

கழற்றியாயிற்று. முகநூல், இணையத்தளம், மண்டபச் சுவர், என் கைபேசி, எல்லா இடத்திலும் துடைத்துவிட்டேன். உன் அம்மா எடுத்த படத்தை அழிக்கத்தான் ஒரு யுத்தம் நடந்தது. அதில் வென்றது நான் அல்ல.

“ஒன்றும் செய்யாதீங்கோ” என்று எழுதியிருந்தாய். ஆரபி, மருமகளுக்கு இழைத்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டியிருக்க நான் என்ன மாட்டுவண்டிச் சில்லா? நான்கு இரவு கண் மூடவில்லை. ஐந்தாம் நாள் எனக்கு வழி வெளித்தது: பொய் சொன்னவனே வந்து, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டால் உன்மேல் என்ன குற்றம்?

உங்கள் இயக்குநருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலத்தைப் பல் வைத்தியன் ஜெனிஸ்ரன் திருத்தித் தந்தான். தொடக்கமே இப்படி: “வட துருவத்துக்கு இந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கும் மிகப் பெரிய பொய்யனான சிவானந்தன் ஆகிய நான் சத்தியம் செய்து சொல்வது.” பிறகு ஒரே உண்மை, கலப்படமற்ற பசுப்பால்: “என் மருமகள் ஒருபோதும் அனுமதி வழங்கியதில்லை. சலேம்பி முனையில் நிலம் முறிந்திருக்கிறது, அந்த இடத்துக்குத் தானும் எஸ்தரும் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்று அவளே எனக்கு எழுதியிருக்கிறாள்.”

மன்றத்தின் தலைவர், செயலாளர் முதற்கொண்டு எல்லோரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். குகநேசன்கூட. “பிள்ளை எங்கடை எல்லாருக்கும் பிள்ளைதானே” என்று கண் கலங்கினான். அவனை நான் இவ்வளவு நாளும் பிழையாக எடைபோட்டுவிட்டேன்.

பொய் போன இடமெல்லாம் உண்மையும் போகவேண்டும் என்று அமைச்சருக்கு ஒரு பிரதி, உலை கட்டும் நிறுவனத்துக்கு ஒரு பிரதி. இனி உன்னை ஒருவன் தொடமுடியுமா என்று பார்க்கிறேன்.

நிம்மதியாக நித்திரை கொண்ட
மாமா


9 ஜூன் 2025

மாமா,

உங்கள் கடிதம் இன்று வாரியத்தின் மேசையில் இருந்தது. ஆளுக்கொரு பிரதி, நிறுவனத்தின் செலவில்.

பதாகையைப் பகிடி என்று சொல்ல முடிந்தது. இதைச் சொல்ல முடியவில்லை. இரகசியமான ஆய்வின் முடிவை வெளிநாட்டில் இருக்கிற உறவினருக்கு நான் எழுதியிருக்கிறேன். இத்தனை பேர் சாட்சி. வழக்கறிஞர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்தக் கடிதத்தில் ஏதாவது பொய் இருக்கிறதா?” இல்லை என்றேன். அதோடு முடிந்தது.

நோர்வேயில் இன்ஹபில் என்போமே, கொம்யூனாவில், அதுதான் நகரசபையில், தன் மைத்துனன் வீடு கட்ட அனுமதி கேட்டால் அந்த உறுப்பினரை முடிவெடுக்க விடாமல் எழுப்பிவிடுவார்களே, அதுதான் நான் இப்போது. நான் மட்டும் இல்லை. எஸ்தரின் பெயரையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவள் முடிவை நான் உங்களுக்குச் சொல்லியிருந்தால் அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள், ஆகவே அவளும் இல்லை. ஒரே அலுவலகத்தில் ஒரே மேசையில் இருந்து எழுதின அறிக்கைக்கு! குழியைப் பற்றிய எங்கள் அத்தியாயத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பு. அமைச்சு இரண்டு புதிய ஆட்களைத் தருகிறது. மூன்று கிழமையில் எழுதிமுடிப்பார்களாம்.

இயக்குநர் வாசல்வரைக்கும் வந்தார். “இருபது வருடமாக இப்படி ஒரு அறிக்கை என் மேசைக்கு வராதா என்று இருந்தேன்” என்றார். அவ்வளவுதான். கையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உங்களில் மட்டும் பிழை இல்லை. உங்களை அறிந்துகொண்டும் எழுதினது நான்.

இப்போதைக்கு எனக்கு எழுதவேண்டாம்.

ஆரபி


ஹொல்ம்லியா
10 ஜூன் 2025

ஆரபி,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நான் விமானம் ஏறி வரட்டுமா? அமைச்சரின் காலில் விழுகிறேன். “நீங்கள் விழுந்தா அந்தாளின்ரை காலும் முறியும், அதுக்கும் பிள்ளைதான் பதில் சொல்லவேணும்” என்கிறா மாமி. பகிடிக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா.

நான் பைத்தியக்காரன், ஆற்றிலும் குளத்திலும் தேடினாலும் கிடைக்காத பைத்தியக்காரன், என்னைப் பிடித்து மிருகக்காட்சிச்சாலையில் பனிக்கரடிக்குப் பக்கத்தில் விட்டால் கரடி எழுந்து போய்விடும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை. அழித்துவிட்டேன்.

ஒரு வரி எழுது. ஏசியாவது எழுது.

மாமா


30 ஆகஸ்ட் 2025

மாமா,

அடிக்கல் நாட்டுவிழா வியாழக்கிழமை நடந்தது. அதற்கு முதல்நாள் எங்கள் குழியை மூடினார்கள். எஸ்தர் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஒரு புல்டோசர், ஒரு பின்னேரம். முறிந்த அடுக்குமேல் மண், அதன்மேல் சரளைக்கல், அதன்மேல் அமைச்சர் நிற்க ஒரு மேடை. புதிய ஆட்களின் அறிக்கையில் அந்தக் குழியைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. அவர்கள் பொய் எழுதவில்லை. கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே.

மேடையில் அமைச்சர், “எங்கள் சுதந்திரமான ஆணையம் எங்களை எவ்வளவு கடுமையாகச் சோதித்தது தெரியுமா!” என்றார். சனம் கைதட்டியது. அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. இருட்டில் பிள்ளை பெறுகிற சனம், கை தட்டாமல் என்ன செய்யும்?

எஸ்தரை வடக்கு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே இயந்திரம் கசிகிறதா என்று பார்க்கும் வேலை. இயந்திரங்கள் பாதி ஓடுவதில்லை, கரண்ட் இல்லை. அவளுடைய தாய் சலேம்பியிலேயே இருக்கிறார். கூட வரமாட்டாராம், ஆடுகளை விட்டுவிட்டு.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எஸ்தர் கேட்டாள்: “உன்ரை மாமா அந்தத் துணியிலை என்னதான் எழுதினவர்? ஒழுங்காச் சொல்லு.” முழுதாக மொழிபெயர்த்துச் சொன்னேன். நடுரோட்டில் குந்தியிருந்து சிரித்தாள், மாமா. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “எங்களிட்டையும் இப்பிடி மாமாமார் இருக்கினம். நாங்கள் அவையை அமைச்சர் ஆக்கிப்போட்டம்.”

எனக்கு அடுத்த மாதம் ஒஸ்லோவுக்குச் சீட்டு இருக்கிறது. அவளுக்கு இந்த நாடுதான் இருக்கிறது.

ஒஸ்லோவின் மறுகோடியில், ஸ்டோவ்னரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஹொல்ம்லியாவுக்கு வருவேன் என்று நினைக்கவில்லை. அம்மாவை நான் அங்கே கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன். விமான நிலையத்துக்கு வரவேண்டாம். நீங்கள் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

ஆரபி


ஹொல்ம்லியா
14 செப்டெம்பர் 2025

ஆரபி,

விமான நிலையத்துக்கு வரமாட்டேன்.

மன்றத்தில் ஆட்கள் கேட்கிறார்கள், மருமகள் எப்படி என்று. சுகம் என்கிறேன். மேலே கேட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிடுகிறேன். குகநேசன் ஒருநாள் பின்னாலேயே வந்து, “என்ன சிவானந்தன், உனக்குச் சுகமில்லையே?” என்று கேட்டான். அவனிடம் நீ எழுதியதைச் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருக்கப் பழகி என்ன.

ஒரு விடயம் தேடி வாசித்தேன். ஒரு அணு உலையைக் கட்டினால் அறுபது வருடம் ஓட்டுவார்களாம். நான் அதில் பத்தைப் பார்ப்பேனோ தெரியாது. நீ தொண்ணூறு வயதுக் கிழவியாக இருப்பாய். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் அது அந்த முறிவுக்கு மேலே நிற்கும். எந்த எண்ணைக் கண்டாலும் பின்னால் ஒரு பூச்சியம் போட்டுச் சொல்கிறவன் நான், உனக்குத் தெரியும். அறுபதை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்லவேண்டி வரும்.

எஸ்தரின் தாய் இருக்கும் வீடு உலையிலிருந்து எவ்வளவு தூரம்? அதை மட்டும் எழுது.

சிவானந்தன்


17 செப்டெம்பர் 2025

நாலு கிலோமீற்றர், மாமா. உலைக்குப் பின்னால், தரைப்பக்கம். காற்று வருடத்தில் முக்கால்வாசி நாள் கடலிலிருந்து அந்தப் பக்கம்தான் வீசும்.

ஆரபி